கரைச்சலை முதலில் எடுங்கள், கரம் போட் பிறகு வரட்டும்

ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் சந்தோசமாக இருக்கிறார்களா என்று அறிய, சுவரில் ஒட்டியிருக்கும் பிறந்தநாள் படங்களைப் பார்க்க வேண்டாம். பெண் பிள்ளைகளின் மேசையில் இருக்கும் தண்ணீர்ப் போத்தலைப் பாருங்கள். மத்தியானம் ஆகியும் அது காலையில் நிரப்பிய மட்டத்திலேயே நின்றால் அங்கே ஏதோ சரியில்லை. திருகோணமலை வெக்கையில் தாகம் எடுக்காத மனிதர் கிடையாது. தாகத்தை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

நான் நகருக்குள் இருக்கும் ஒரு தனியார் கணக்கியல் அலுவலகத்தில் நிர்வாக வேலை பார்க்கிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்கும் நகரத்துக் கடைகளுக்கும் கணக்கு எழுதுவதும் சம்பளப் பட்டியல் போடுவதும் எங்கள் தொழில். இருபதுக்குக் கொஞ்சம் கூடுதலான ஆட்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பகுதியினரும் உண்டு. கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வருகிறவர்கள், கந்தளாயிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், உவர்மலையிலிருந்து நடந்தே வருகிறவர்கள் என்று கலவையான கூட்டம். எங்கள் கரைக்குச் சுற்றுலாப் பயணிகள் நிறைய வருவது மே முதல் செப்டெம்பர் வரை. விடுதிக் கணக்குகள் குவிவதும் அப்போதுதான். கச்சான் காற்று வீசுவதும் அதே மாதங்களில். மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி, தரை வழியாக எங்களிடம் வந்து சேருகிற காற்று அது. வேலை கூடும் நேரமும் உடம்பு சோரும் நேரமும் எங்களுக்கு ஒன்றாகவே வரும். கண்டி, கொழும்பு அலுவலகங்களுக்கென்று எழுதிய ஆலோசனைகளை அப்படியே எடுத்து இங்கே செய்ய முடியாததற்கு இது ஒரு காரணம்.

கலகலப்புக் குறைந்துவிட்டது என்பது முதலாளிக்கும் தெரிந்தே இருந்தது. நாங்கள் அவரைச் சேர் என்போம். சம்பளத்தை ஒரு மாதமும் பிந்தவிடாத மனிதர். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக விலகிப் போவதைக் கண்டு, நிகழ்ச்சி நடத்துகிறவர்களை வெளியூரிலிருந்து அழைத்து, ஒரு விடுதியில் முழுநாள் ஒன்றுகூடல் வைத்தார். மைக் பிடித்தவர் எல்லோரையும் எழுந்து ஆடச் சொன்னார். ஆணும் பெண்ணும் சோடி சேர்ந்து பலூன் உடைக்கும் விளையாட்டு நடந்தது. அபாயா அணிந்த பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கினார்கள். நாரி நோவோடு இருந்த மூத்த அண்ணா கதிரையை விட்டு எழும்பவே இல்லை. சாப்பாடு நன்றாக இருந்தது, படங்களும் நன்றாக விழுந்தன. ஆனால் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. உடுப்புத் தோய்க்கவும் பிள்ளைகளோடு இருக்கவும் கிடைக்கிற ஒரே முழு நாள். அடுத்த நாள் காலை எல்லோரும் அதே உடைந்த கதிரைகளில் வந்து உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் சேரிடம் ஒரு யோசனை சொன்னேன். சந்தோசத்தை வெளியிலிருந்து கொண்டுவருவது இருக்கட்டும், இங்கே ஆட்களை வருத்துவது எது என்று முதலில் கேட்போம் என்றேன். "சரி, கேளுங்கோ" என்றார். பிளேன்ரீ மேசையில் ஒரு பழைய பிஸ்கட் பெட்டியை வைத்தோம். பேர் எழுதத் தேவையில்லை. தமிழிலோ சிங்களத்திலோ எழுதலாம். கேள்வி ஒன்றுதான்: இந்தக் கட்டடத்துக்குள் உங்களுக்கு நாளாந்தம் கரைச்சல் தருவது எது?

என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் சுற்றுலா, ரீசேட், கேக் என்று எழுதியிருப்பார்கள். கரைச்சலைக் கேட்டதால் வேறு விசயங்கள் வந்தன. மலசலகூடம், ஏசி, கதிரை, இரவில் வரும் வாட்ஸப், திங்கட்கிழமைக் கூட்டம். இவைதான் திரும்பத் திரும்ப வந்தன. உங்கள் அலுவலகத்தில் இதைச் செய்ய நினைத்தால் கேள்வியை இப்படியே கேளுங்கள். துண்டுகளை ஒருவர் ரைப் செய்து, அந்தப் பிரதியை மட்டும் மேலிடத்துக்குக் கொடுக்க வேண்டும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்ற பயம் இருந்தால் யாரும் உண்மையை எழுதமாட்டார்கள்.

ஒரு துண்டில் "நான் காலையில் தேத்தண்ணி குடிக்கிறதில்லை" என்று மட்டும் இருந்தது. ஆண் ஒருவர் வாசித்திருந்தால் இதில் என்ன முறைப்பாடு என்று கேட்டிருப்பார். எனக்கு உடனே விளங்கியது. பெண்கள் பாவிக்கும் மலசலகூடத்தின் கொளுக்கி உடைந்து, ஒரு கம்பித் துண்டைச் சுற்றித்தான் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. கதவு நேரே ஆண்களின் மேசைப் பக்கம் திறக்கும். உள்ளே மூடியுள்ள குப்பைவாளி இல்லை. மாதவிடாய் நாட்களில் பாவித்த பாட்டைக் கடதாசியில் சுற்றி, கைப்பைக்குள் வைத்து, பஸ்ஸில் வீடுவரை கொண்டுபோன பிள்ளைகள் எங்களிடம் இருந்தார்கள். இப்படியிருக்க யார்தான் தண்ணீர் குடிப்பார்கள்? காலை எட்டரைக்கு வந்து பின்னேரம் ஐந்துக்குப் போகும்வரை ஒரு தடவைகூட எழும்பாமல் இருக்கப் பழகியிருந்தார்கள். தண்ணீர் குறைந்தால் பின்னேரம் தலையிடி வரும். சிறுநீரை அடக்கி வைத்தால் கிருமி பெருக நேரம் கிடைக்கும். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் குட்டையானது, அதனால் தொற்று மேலே ஏறுவதும் சுலபம். லீவுப் பத்திரத்தில் காய்ச்சல் என்று எழுதியிருப்பார்கள். பல தடவை அது இந்தக் காய்ச்சல்தான்.

திருத்தும் வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. தச்சர் வந்து புதுக் கொளுக்கி போட்டு, கதவுக்கு முன்னால் ஒரு மரத் தட்டி நிறுத்தினார். பை கொழுவ ஒரு ஆணி, காலால் மிதித்துத் திறக்கும் குப்பைவாளி, சவர்க்காரம், எரியும் மின்குமிழ். அலுமாரியின் கீழ்த் தட்டில் ஒரு பெட்டி நிறையப் பாட். யார் எடுத்தார்கள் என்று எழுதிவைக்கும் கொப்பி எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது. ஒன்றுகூடலுக்குச் செலவானதில் சிறு பங்குகூட இதற்குப் போகவில்லை. சுத்தம் செய்கிற அக்காவுக்குக் கையுறையும் றப்பர்ச் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தோம். அதுவரை அவர் வெறுங்கையால்தான் அவ்வளவையும் செய்துவந்தார். இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஊழியர் நலன் என்று பேசும்போது கணினிக்கு முன்னால் இருக்கிறவர்களை மட்டும்தான் பலர் மனதில் வைக்கிறார்கள். அக்காவும் ஊழியர்தான்.

போத்தல்கள் மத்தியானத்துக்கு முன்பே காலியாகத் தொடங்கின. தண்ணீர்க் கலன் சீக்கிரம் முடிகிறது என்று கணக்குப் பார்க்கிற தம்பி வந்து சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோசம். இது முதலாளியின் தயவும் அல்ல. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் காற்றோட்டம், வெளிச்சம், மலசலகூட வசதி எல்லாவற்றையும் வேலை கொடுப்பவரின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்தது ஏசி. ரிமோட்டை ஒளித்துவைக்கும் அளவுக்கு எங்களிடம் சண்டை முற்றியிருந்தது. நேரே கீழே இருந்த தங்கச்சிக்குத் தடிமன் மாறவே இல்லை. மூலையில் போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் இருந்தவருக்கோ வியர்த்துக் கொட்டியது. 18 இல் வைத்தால் கெதியாகக் குளிரும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண ஏசி 18 இல் வைத்தாலும் 26 இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிராக்கும். 18 இல் வைத்தால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் பில் ஏறும், வெளியே போகும்போது வெயில் முகத்தில் அறையும். நாங்கள் 26 இல் நிறுத்தி மேலே மின்விசிறியையும் போட்டோம். காற்று ஆளின் தலையில் இறங்காமல் கூரைப் பக்கம் போகும்படி ஏசியின் தகடுகளை மேலே திருப்பினோம். கொப்பி மெசினை நடைபாதைக்குத் தள்ளினோம். மேற்கு யன்னல்களுக்குத் தடித்த திரை போட்டோம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்தில், எந்த இரண்டு யன்னலைத் திறந்தால் கடல் காற்று குறுக்கே ஓடும் என்று நாங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தோம். இப்போது கச்சான் இல்லாத மாதங்களில் காலை முழுவதும் ஏசியே போடுவதில்லை. இத்தனைக்குப் பிறகும் இடம் பிடிக்காதவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைத்து மேசையை மாற்றிக்கொள்ளலாம் என்று சேர் சொல்லிவிட்டார்.

கதிரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் புதிதாக வாங்கப் பணம் இல்லை, கீழே இறங்கிப்போகும் குழாய்களை மட்டும் மாற்றினோம். கால் தரையில் படாதவர்களுக்குக் காலுக்குக் கீழ் ஒரு பலகை. லப்டொப்பில் வேலை செய்கிறவர்கள் குனிந்து குனிந்து கழுத்து நோவு எடுத்திருந்தார்கள். கட்டு அவிழ்க்காத ஏ4 கடதாசிக் கட்டு ஒன்று ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் உயரம். இரண்டு கட்டுக்கு மேல் லப்டொப்பை வைத்து, தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் கொடுத்தால் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வந்துவிடும். கண்ணுக்கு, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்ப்பது. 20 அடி என்றால் 6 மீற்றர். எங்கள் யன்னலால் எதிர் வீட்டு வேப்பமரம் தெரியும், அது போதும்.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். இதைத் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் செய்திருந்தாலும் வீண்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் கூட்டத்தில் போன வாரத்துப் பிழைகள் ஆளின் பேரோடு வாசிக்கப்படும். பேர் சொல்லப்பட்டவர் எழுந்து நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒரு தம்பி திங்கட்கிழமைகளில் காலைச் சாப்பாடு கொண்டுவருவதே இல்லை. கேட்டால் வயிறு சரியில்லை என்பான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே தனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும் என்று பிறகொரு நாள் சொன்னான். அவனுக்கு வயது இருபத்துமூன்று.

ரைப் செய்த தாளில் இந்தக் கூட்டம்தான் அதிக தடவை வந்திருந்தது. சேர் வாசித்துவிட்டுச் சில நாள் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு அவரே வந்து, இனிமேல் பிழைகளை அன்றன்றே, தன் அறைக்குள், கதவைச் சாத்திவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். கூட்டத்தை செவ்வாய்க்கு மாற்றினார். அதில் இப்போது ஒவ்வொருவரும் இந்த வாரம் தனக்கு யாருடைய உதவி வேண்டும் என்று மட்டும் சொல்கிறார்கள். பழக்கம் ஒரே நாளில் போகாது. இடைக்கிடை சேரின் குரல் உயரும். அப்போது மூத்த அண்ணா தன் மேசையிலிருந்தபடியே "சேர், உள்ளே போய்க் கதைப்பம்" என்பார். சேரும் உள்ளே போய்விடுவார். எல்லா அலுவலகத்திலும் இப்படிச் சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும், அப்படிச் சொல்கிறவரை மேலதிகாரி மதிக்கவும் வேண்டும்.

இதனால் வேலை கெட்டுப்போகுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒருத்தி, ஒரு விடுதியின் சம்பளப் பட்டியலில் ஊழியர் சேமலாப நிதியின் வீதங்களை மாற்றிப் போட்டுவிட்டாள். ஊழியரிடம் கழிக்க வேண்டியது 8 வீதம், முதலாளி கட்ட வேண்டியது 12 வீதம். பாவம், அந்த மாதம் விடுதி ஊழியர்களின் சம்பளத்தில் கூடக் கழிபட்டிருக்கும். அவளே அதைக் கண்டுபிடித்து, சம்பளம் போடுவதற்கு முதல் நாள் சேரின் அறைக்குப் போய்ச் சொன்னாள். பழைய கூட்டம் இருந்திருந்தால் ஒளித்திருப்பாள். பயம் இருக்கும் இடத்தில் பிழைகள் குறைவதில்லை, மறைகின்றன. அதை எங்கள் கணக்குப் புத்தகங்களிலேயே பார்த்துவிட்டோம்.

மனம் மிகவும் பாரமாக இருக்கிறவர்கள் கதைப்பதற்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி. அதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு மலசலகூடக் கதவுகளின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் அதன் முன் நின்று குறித்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

இவ்வளவும் ஓரளவு சரியான பிறகுதான் கரம் போட் வந்தது. பழையது ஒன்றை வாங்கி, பிளேன்ரீ மேசைக்குப் பக்கத்தில் வைத்தோம். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை சட்டப்படி ஒரு மணித்தியாலம். அதுவரை அரை மணித்தியாலத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு மேசைக்குத் திரும்பினார்கள். இப்போது முழுதாக எடுக்கிறார்கள். காசு வைத்து ஆடக் கூடாது, ஆடும்போது வரும் அழைப்பை மற்றவர் எடுப்பார், விருப்பமில்லாதவரை இழுக்கக் கூடாது. விதிகள் இவ்வளவுதான். ஆட விருப்பமில்லாத இரண்டு பேர் மேசையில் தலை வைத்துப் படுப்பார்கள். அவர்கள் இருக்கும் பக்கம் லைட்டை அணைத்துவிடுவோம். அதுவும் அவர்களுக்குச் சந்தோசம்தானே.

எங்கள் அலுவலகத்தின் கரம் ராணி சுத்தம் செய்கிற அக்கா. சிவப்புக் காயை மூலைப் பைக்குள் போட்டு அடுத்த அடியிலேயே பின்காயையும் போட்டுவிடுவார். சேர் அவரிடம் பல தடவை தோற்றிருக்கிறார். முதல் தடவை தோற்ற நாளில் அறை முழுவதும் ஒரு கணம் மூச்சுப் பிடித்துக்கொண்டது. சேரே முதலில் சிரித்தார். "அக்கா, இன்னொருக்கா போடுவம்" என்றார். கந்தளாயிலிருந்து வரும் சிங்களப் பிள்ளை, நாங்கள் நங்கி என்போம், தமிழ் கதைக்கப் பழகியதும் இந்தப் பலகையடியில்தான். பகிடி விளங்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் பாசை கெதியாக வந்துவிடும்.

மாதம் ஒரு தடவை, சம்பளப் பட்டியல் வேலை முடிந்த பிறகு வரும் புதன்கிழமை, எல்லோரும் ஒவ்வொரு கறி கொண்டுவந்து ஒன்றாகச் சாப்பிடுகிறோம். ஏன் புதன் என்றால், வெள்ளிக்கிழமை சைவக்காரர் பலர் மச்சம் சாப்பிடமாட்டார்கள், முஸ்லிம் ஆண்கள் ஜும்மாவுக்குப் போய்விடுவார்கள். மீனும் மரக்கறியும் மட்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தோம். இறைச்சி வந்தால் மாடா, கோழியா, ஹலாலா என்று ஒவ்வொரு சட்டியையும் கேட்க வேண்டிவரும், யாரோ ஒருவர் சங்கடப்படுவார். மீனில் அந்தப் பிரச்சினை இல்லை, திருகோணமலையில் மீனுக்குக் குறையும் இல்லை. கிண்ணியா நானா வீட்டுக் கணவாய்க் கறிக்கு முன்பதிவு செய்யும் அளவுக்கு அடிபிடி. சூரை மீன் புளிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, நங்கி கொண்டுவரும் பொலொஸ் என்ற பிஞ்சுப் பலாக்காய்க் கறி, கந்தளாய்ப் பக்கத்து எருமைத் தயிர். மரக்கறிக்காரருக்குத் தனி மேசை, தனிக் கரண்டிகள். நோன்பு மாதத்தில் இந்தச் சாப்பாட்டை நிறுத்திவிடுவோம். அந்த மாதம் முக்கியமான வேலைகளைக் காலையில் வைத்து, நோன்பு பிடிப்பவர்களை அரை மணித்தியாலம் முன்னால் அனுப்புகிறோம். நோன்புக் கஞ்சி ஒரு வாளி எப்படியும் எங்களைத் தேடி வந்துவிடும்.

சாப்பாட்டைப் பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும் என்பது நகரத்து மான்களுக்காக எடுத்த முடிவு. கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வீதிகளுக்கு வந்து குப்பையைக் கிளறுவதைத் திருகோணமலையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சோற்று வாசம் பிடித்து, சோறு சுற்றிவரும் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டையும் சேர்த்து விழுங்கிவிடும். 2017 இலேயே அந்த ஷீட்டுக்குத் தடை வந்தது, ஆனாலும் கடைப் பார்சல்களில் அது வந்துகொண்டுதான் இருந்தது.

சீனி விசயத்தில் நான் கொஞ்சம் கடுமை. எங்கள் ஆட்கள் ஒரு பிளேன்ரீக்கு மூன்று தேக்கரண்டி போடுவார்கள், நாளுக்கு மூன்று கோப்பை. ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 4 கிராம். ஆக, தேத்தண்ணியிலேயே 36 கிராம். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25 கிராமுக்குள் நிற்கச் சொல்கிறது. பின்னேரம் ஒரு சீனிப் பணிஸும் சேர்ந்தால் கதை முடிந்தது. யாரையும் கண்டிக்கவில்லை. தேத்தண்ணியைச் சீனி போடாமல் ஊற்றி, சீனியைத் தனிப் பேணியில், சின்னக் கரண்டியோடு வைத்தோம். அவரவர் போட்டுக்கொள்ளட்டும். கலந்து வருவதைக் குடிப்பது வேறு, தன் கையால் மூன்று தரம் அள்ளிப் போடுவது வேறு. பலர் ஒன்றரைக்கு இறங்கிவிட்டார்கள். பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்கிறவர்களும் உண்டு. அதுவும் இனிப்புத்தான், ஒரு துண்டோடு நிறுத்தினால் நல்லது. ரோல்ஸ், வடை கொண்டுவருகிறவரிடம் வாரத்தில் சில நாள் அவித்த கடலையும் கொய்யாப்பழமும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னோம். ரோல்ஸ் நிற்கவில்லை. கடலையும் மிஞ்சுவதில்லை.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு சேர்ந்தும் ஆஸ்பத்திரிகளிலும் சுகவாழ்வு நிலையங்கள் இயங்குகின்றன. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு பிரஷர், இரத்தச் சீனி, நிறை, உயரம் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். வேலை நேரத்திலேயே இரண்டு மூன்று பேராக அனுப்பினோம், லீவு கழிக்கவில்லை. ஒரு நானாவுக்கு பிரஷர் கூடியிருப்பது அங்கேதான் தெரியவந்தது. அவருக்கு ஒரு குணங்குறியும் இருக்கவில்லை. அறிக்கையை அலுவலகத்தில் காட்டச் சொல்லவே கூடாது. அவர் தானாக வந்து சொன்னார், அதனால் எனக்குத் தெரியும். சேருக்குத் தெரிய வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தால் பாதிப் பேர் போயிருக்கமாட்டார்கள்.

நடை விசயத்தில், வியாழன் பின்னேரங்களில் எங்களில் சிலர் டச் பே கடற்கரையில் நடக்கிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆனால் பின்னேர நடை பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்கு உதவாது. அவர்கள் காலையில் ஒரு தரிப்பிடம் முன்னால் இறங்கி நடந்து வருகிறார்கள். வெக்கை ஏற முதல் வருவதால் அதுவே அவர்களுக்கு வசதி. 2022 இல் பெற்றோல் இல்லாமல் சைக்கிளுக்கு மாறியவர்களில் இரண்டு பேர் இன்னும் சைக்கிளில்தான் வருகிறார்கள். அவர்களுக்காகப் பின்பக்கம் ஒரு கூரை இறக்கியிருக்கிறோம்.

மாரி தொடங்கினால் டெங்கு. 2017 இல் கிண்ணியா பட்ட பாட்டை எங்களில் பலர் கிட்டவிருந்து பார்த்தவர்கள். அந்த நுளம்பு பகலில் கடிப்பது. பகல் முழுவதும் நாங்கள் இருப்பது அலுவலகத்தில். அழகுக்கு வைத்த மணி பிளான்ட் போத்தல், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, ஏசி சொட்டும் வாளி, மூன்றையும் வெள்ளிக்கிழமை தோறும் ஊற்றித் தேய்த்துக் கழுவுகிறோம். முட்டை நுளம்பாகக் கிட்டத்தட்ட ஒரு வாரம் எடுக்கும், அதனால் வாரம் ஒன்று என்ற கணக்கைத் தவறவிடக் கூடாது. மணி பிளான்ட்டைப் பிறகு மண்ணில் நட்டுவிட்டோம்.

வீடு போகும் நேரத்தைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு சம்பளம். விடுதிக் கணக்குக் காலத்தில் மேலதிக நேரம் தவிர்க்க முடியாது. ஆனால் யார் எந்த நாள் நிற்பது என்பதை மாதத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிட்டால், ஆட்கள் வீட்டில் சொல்லிவைக்கலாம், பஸ்ஸைப் பார்த்துக்கொள்ளலாம். கிண்ணியா நானா 2009 இல் பாலம் திறப்பதற்கு முன், பாதை என்று நாங்கள் சொல்லும் தெப்பப் படகில் கடலைக் கடந்து வேலைக்குப் போய்வந்தவர். பின்னேரமானால் இன்னும் அவர் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். கடைசி நேரத்தில் "கொஞ்சம் நில்லுங்கோ" என்று கேட்பது இப்படியானவர்களுக்கு எவ்வளவு பெரிய பாரம் என்று, பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்கு விளங்குவதில்லை. வாட்ஸப் குழுவில் மாலை ஆறு மணிக்குப் பிறகு வேலைச் செய்தி போடுவதில்லை. அவசரம் என்றால் அழைப்பு எடுப்பது. அழைப்பு எடுக்கக் கூச்சமாக இருந்தால் அது அவசரமில்லை. சேரே இரவில் தட்டி எழுதிவிட்டு, காலையில்தான் அனுப்புகிறார்.

இப்போது களஞ்சிய அறையின் பாதியை ஒழித்துக்கொண்டிருக்கிறோம். பத்து வருடத்துப் பழைய பைல்கள் அங்கே கிடக்கின்றன, வைத்திருக்க வேண்டியதையும் எரிக்கக்கூடியதையும் மூத்த அண்ணா பிரித்துத் தருகிறார். ஒரு சின்னக் கட்டில், ஒரு கதிரை, உள்ளே பூட்டக்கூடிய கதவு. பிரசவ லீவு முடிந்து வரும் தங்கச்சி பால் எடுத்துவைக்க இடம் வேண்டும், அதற்குக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டு ஒதுக்கியாயிற்று. தலை சுற்றினால் கொஞ்சம் சாயவும், தொழவும் அதே அறைதான். யார் எந்த நேரம் என்பதைக் கதவில் தொங்கும் அட்டையைத் திருப்பிக் காட்டலாம் என்று நங்கி சொன்னாள். திரைச்சீலைக்குத் துணி எடுத்தாயிற்று, கட்டிலுக்கு விலை கேட்டிருக்கிறோம். தங்கச்சி வருவது அடுத்த மாதம், அதற்குள் முடிக்க வேண்டும்.